செக்ரோலில் நாற்பத்தோராவது பேர்

2000ஆம் ஆண்டு மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி கல்மட்டம் எஸ்டேட்டின் கோடை முகாம் முடிந்து, நாற்பது பிள்ளைகளும் மூன்று வேன்களில் ஏறிக் கோயமுத்தூருக்கும் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். வெயில் மட்டும் போகவில்லை. ஜூன் முதல் வாரம் கோத்தகிரிப் பக்கம் எங்கும் மேகம் இறங்கித் தேயிலைக்குள் முழங்காலளவு நின்றபோதும், மூடிக் கிடந்த அந்தப் பழைய டீ பாக்டரியும் அதன் முன்னால் இருந்த களமும் சுற்றிலும் மூன்று ஏக்கரும் மட்டும் சித்திரை மாதத்துப் பகலாகக் காய்ந்துகொண்டிருந்தன. மழை முடிந்து வெயில் தொடங்கும் இடம் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் வந்து அந்தக் கோட்டுக்குக் குறுக்கே கொடி கட்டிப் பார்த்தார்கள். சேலையின் ஒரு பாதி மொடமொடவென்று காய, மறு பாதி சொட்டிக்கொண்டிருந்தது. ஊரில் யாரும் இதற்காகப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பக்கத்துப் படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்து வீட்டுக்காரர்கள் பூண்டு மூட்டையைக் கொண்டுவந்து காயப் போட்டுவிட்டு, சாயங்காலம் மறக்காமல் எடுத்துப் போனார்கள்.

தவறு மருதாயியுடையது. அவளே முதல் ஆளாக ஒப்புக்கொண்டாள். திருத்தச் சொன்னபோதுதான் ஏலாது என்றுவிட்டாள்.

மருதாயி பிறந்தது இலங்கையில், ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில். அவளுக்குப் பதினாறு வயதிருக்கும்போது, 1974இல் ஒரு காலை, அவள் அப்பா பெரட்டுக்குப் போய் நின்றார். தோட்டத்தில் காலையில் ஆள் எடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள், இருக்கேன் என்று சொன்னால் செக்ரோல் என்கிற நீள நோட்டில் அன்றைக்குப் பேர் விழும், பத்து நிமிடம் பிந்தினால் அரைப் பேர், அரைச் சம்பளம். அன்று அவரைக் கூப்பிடவே இல்லை. இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் கணக்கில் முந்தின நாளே பேரை வெட்டிவிட்டிருந்தார்கள். குடும்பம் ஒரு தகரப் பெட்டியோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் கேம்பில் நாற்பது நாள் தட்டேந்தி வரிசையில் நின்று, கடைசியில் கோத்தகிரியில் வந்து இறங்கியது. கல்மட்டத்தில் கொழுந்து கிள்ளச் சேர்ந்த மருதாயி இருபது வருஷத்தில் கங்காணி ஆனாள். பாக்டரியில் அடுப்புக்கு விறகு போடும் அய்யாவுவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பெண்களைப் பெற்று இருவரையும் திருப்பூரில் கொடுத்தாள். இவ்வளவு நடந்தும் அவளால் ஓரிடத்தில் உட்கார முடிந்ததில்லை. சோற்றைக்கூட நின்றபடி, வாசலைப் பார்த்தபடி சாப்பிடுவாள். அந்தத் தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியில் எந்நேரமும் கட்டித் தயாராக இருந்தது: நாலு சேலை, இரண்டு வேட்டி, ஒரு கம்பளி, இந்தியாவுக்கு வந்த சீட்டு. பொங்கலுக்குப் பொங்கல் அதை அவிழ்த்து வெயில் காட்டி மறுபடி கட்டுவாள். அப்போதெல்லாம் அய்யாவு, "கப்பல் வந்திருச்சா புள்ள?" என்று கேட்பான். அவள் சிரித்ததே கிடையாது.

1999இல் தேயிலை விழுந்தது. ஒரு கிலோ பச்சை இலையை விற்ற காசில் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் இரண்டு டீ குடிக்க முடியாத நிலை வந்தது. சின்னத் தோட்டக்காரர்கள் இலையைக் கிள்ளாமல் விட்டார்கள்; செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து மரமாகப் பார்த்தன. கல்மட்டத்து முதலாளிமார் அந்தப் புரட்டாசியில் பாக்டரியை மூடினார்கள். மூடுவதற்கு முன் முறைப்படி பேர் வெட்ட வேண்டும். சிவப்பு மையில் கோடு போட கிளார்க் கருணாகரன் இருந்தார். பேரை உரக்க வாசிக்க ஆள் வேண்டியிருந்தது. மூடுபனிக்குள்ளும் நாலு காடு தாண்டிக் கேட்கிற தொண்டை மருதாயிக்குத்தான் உண்டு. அவள் வாசித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். கடைசிப் பேர் அவளுடையது. "மருதாயி" என்று வாசித்தவள், இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில் "இருக்கேன்" என்றும் தானே சொல்லிவிட்டாள். கருணாகரன் தலையை நிமிர்த்தாமல் கோட்டை இழுத்தார். அதற்கப்புறமும் ஒன்பது நாள், காலை ஏழு மணிக்கு, அத்தனை பேரும் வந்து மூடிய கேட்டுக்கு வெளியே நின்றார்கள். கோஷம் கிடையாது, கல்லெறி கிடையாது. பத்து மணி வரை நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். பத்தாம் நாள் கனத்த மழை, ஒருவரும் வரவில்லை. அதோடு சரி. இனி எந்த ஆளின் பேரையும் தன் வாயாலோ கையாலோ வெட்டுவதில்லை என்று மருதாயி தனக்குள் முடிவெடுத்தது அந்த மழை நாளில்தான்.

எஸ்டேட்டை விற்றுவிட முதலாளிமார் அலைந்தார்கள். விடுதி கட்ட வந்தவர்களுக்கு பாக்டரி பிடித்தது, மலைச்சரிவு பிடித்தது, லயம் பிடிக்கவில்லை. முப்பத்தொரு குடும்பமும் காலி செய்தால் பேசலாம் என்றார்கள். அப்போது குறுக்கே விழுந்தவன் தரணிதரன், மூத்த முதலாளியின் தங்கை மகன். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்து நொடித்தவன். அதற்கு முன் கோழிப் பண்ணை. கோடை விடுமுறையில் நகரத்துப் பிள்ளைகளுக்கு இங்கே முகாம் நடத்துவதாகவும், முகாம் நடக்கும் வரை லயத்துக்காரர்கள்தான் வேலையாட்கள் என்றும், அதுவரை லயத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்றும் மாமன்மாரிடம் பேசி முடித்தான். முகாம் நின்றால் மறுநாளே காலி. இதை அவன் லயத்தில் வந்து மறைக்காமல் சொன்னான். "ஏனுங்க மருதாயக்கா, நீங்க கூட நின்னாத்தானுங்க இது நடக்கும்" என்றான். "நிக்கிறேன் தொர" என்றாள் அவள். நிற்பதில் அவளுக்கு என்ன கஷ்டம்.

கேம்ப் என்றால் மருதாயிக்குத் தெரிந்தது மண்டபம் ஒன்றுதான். ஆகவே தட்டு, வரிசை, பெரட்டு எல்லாம் முதல் நாளே வந்துவிட்டன. வந்து இறங்கிய பிள்ளைகளை இலைத் தராசில் நிறுத்தி எடை போட்டாள். நனைந்து வந்த பிள்ளைகளுக்கு ஈர இலைக்குக் கழிப்பதுபோல் அரைக் கிலோ கழித்தாள். மாடியில் இலை வாட்டுகிற நீளத் தொட்டிகளில் வைக்கோல் மெத்தை போட்டுப் படுக்க வைத்தாள். பிள்ளைகள் காலையில் எழுந்தால் தலைமுடியில் டீத்தூள் வாசம் வரும். ஆறரைக்கு பாக்டரிச் சங்கு, ஏழுக்குப் பெரட்டு. பெற்றவர்கள் இதைப் புதுமையான ஒழுக்கப் பயிற்சி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்கள். பிள்ளைகள் அவளைக் கங்காணி மிஸ் என்று கூப்பிட்டார்கள்.

முதல் பெரட்டன்று களத்தில் கை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. நாற்பது பேரையும் கூப்பிட்டு முடித்தபோது திருப்பூர்ப் பெண் ஸ்வேதா, எட்டு வயது, குளிரில் பல் தந்தியடிக்க, "மிஸ், வெயில் வரலீங்களா?" என்று கேட்டாள். பெரட்டுக் களத்தில் வரவில்லையா என்று ஒருவரைப் பற்றிக் கேட்டால், கங்காணியின் கை தானாக நோட்டுக்குப் போகும். மருதாயி பக்கத்தைத் திருப்பி நாற்பத்தோராவது வரியில் வெயில் என்று எழுதி, கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லாததால் வரவில்லை என்று குறித்தாள். மறுநாளும் கூப்பிட்டாள். கூப்பிட்ட வாய் மூடுமுன் கிழக்குப் பக்கத்து மலைமேலிருந்து ஒரு கீற்று இறங்கி வந்து நோட்டின் மேலேயே விழுந்தது. பேர் போட்டாள். மூன்றாம் நாள் கால் மணி நேரம் பிந்தி வந்ததற்கு அரைப் பேர்தான் போட்டாள். அதற்கடுத்த நாள் வெயில் ஆறே முக்காலுக்கே வந்து நின்றது. அந்த இரண்டு மாதமும் ஊட்டியில் கோடை மழை கொட்டியது. கல்மட்டத்தில் ஒரு நாள் விளையாட்டும் கெடவில்லை. மே முப்பத்தொன்று அன்று முகாமை முடித்து ஒவ்வொரு பிள்ளையின் பேருக்கு நேராகவும் "வீடு போனது" என்று எழுதினாள். அந்தச் செக்ரோலில் ஒரு பக்கத்துக்கு நாற்பது வரி. நாற்பது முடிந்ததும் நோட்டை மூடிவிட்டாள். பின்பக்கத்தில் வெயில் தனியாக இருந்ததை மறந்துபோனாள்.

ஜூன் பத்தாம் தேதி வாக்கில்தான் ஞாபகம் வந்து நோட்டைத் திறந்து பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பத்து நாளாக ஒரு ஆள் காலையில் வந்து நிற்கிறது, பேர் கூப்பிட நாதியில்லை. விடுபட்ட பத்து நாளுக்கும் சேர்த்துப் பேர் போட்டாள். மறுநாளிலிருந்து வெறும் களத்தில் ஏழு மணிக்குத் தனியாக நின்று ஒரே ஒரு பேரைக் கூப்பிட்டாள். பேர் இல்லாத ஆள் கேட்டுக்குள் வரக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். ஆகவே மழையும் மூடுபனியும் கோட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டன. இரவிலும் உள்ளே வரவில்லை.

தரணிதரன் வாழ்க்கையில் முதல் முறையாக அதிர்ஷ்டத்தை நேருக்கு நேர் பார்த்தான். நீலகிரியில் எந்தப் பருவத்திலும் கோடை முகாம் நடத்தக்கூடிய ஒரே இடம் தன்னிடம் இருக்கிறது என்று நோட்டீஸ் அடித்தான். காலாண்டு லீவுக்கு ஒரு முகாம், தீபாவளிக்கு ஒன்று, அரையாண்டுக்கு ஒன்று. ஐப்பசியில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றபோது, பிள்ளைகள் ஜீப்பில் நனைந்துகொண்டு வந்து, கேட்டைத் தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுக் கோகோ ஆடினார்கள். மார்கழியில் சுற்றுப்பட்ட தேயிலையெல்லாம் உறைபனியில் கருகியது. களத்தில் பிள்ளைகள் ஐஸ் கேட்டு அழுதார்கள். வருஷத்தில் இருநூற்று நாற்பது நாளுக்கு மேல் பேர் விழுந்த ஆளுக்குத் தோட்டத்தில் ஒரு கம்பளி கொடுப்பது வழக்கம். மருதாயி பெட்டியிலிருந்த கம்பளியை எடுத்து வந்து களத்தில் விரித்து, "ஒனக்குத்தான், வச்சுக்க" என்றாள். அன்று முதல் அந்தக் கம்பளி ராத்திரியிலும் சூடு ஆறாமல் இருந்தது. அதில் யார் படுப்பது என்று பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டார்கள். ஸ்வேதா ஒரு லீவு விடாமல் வந்தாள். லயத்தில் முப்பத்தொரு காம்பராவிலும் அடுப்பு எரிந்தது. எல்லாம் ஒழுங்காக நடக்கிறதே என்பதுதான் மருதாயிக்கு உறுத்தல். ஒழுங்காக நடந்த எதையும் அவள் முடிவு வரை பார்த்ததில்லை. களத்துக்கும் ஊற்றுக்கும் லயத்துக்குமாக ஒரு நாளைக்கு முப்பது நடை நடந்தாள்.

ஊற்று பாக்டரிக்கு மேலே, அந்த மூன்று ஏக்கருக்குள் இருந்தது. பாக்டரிக்கும் லயத்துக்கும் தண்ணீர் அங்கிருந்துதான். இரண்டு ஐப்பசி மழையைக் காணாத ஊற்று, 2001 கடைசியில் குழாய்த் தண்டிலிருந்து விரல் தண்டுக்கு இளைத்தது. மறு மாசியில் நூலாக ஒழுகியது. வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்குக் கொடுத்த வேலையை ஒரு நாள் லீவு எடுக்காமல் செய்தது. அந்த மூன்று ஏக்கர்ச் செடியில் செஞ்சிலந்தி விழுந்து இலை செம்பட்டை ஆனது. பள்ளத்து ஓடையிலிருந்து அய்யாவு ஒரு நாளைக்கு நாற்பது குடம் சுமந்தான். ஏப்ரலில் பிள்ளைகள் வந்தபோது குளிக்க ஆளுக்கு ஒரு வாளி. இரண்டாம் வாரம் அரை வாளி. மூன்றாம் வாரம் நாலு பெற்றவர்கள் காரில் வந்து பிள்ளைகளை ஏற்றிப் போனார்கள். தண்ணி லாரிக்காரன் ஏற்றத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். கோயமுத்தூரிலிருந்து மாமன்மார் போன் செய்தார்கள்: இந்த மாதத்தோடு மூடிவிடு, பார்ட்டி ரெடியாக இருக்கிறது.

இப்போது எல்லாருக்கும் வழி தெரிந்தது. வெயில் பேரை வெட்டினால் மழை வரும், மழை வந்தால் ஊற்று வரும், ஊற்று வந்தால் முகாம் நடக்கும், லயமும் பிழைக்கும். ஒரு சிவப்புக் கோடு போதும். இரண்டு தோளும் புண்ணாகிப் போயிருந்த அய்யாவு பொறுமையாகத்தான் ஆரம்பித்தான். "வெயிலுக்கென்ன புள்ள, பொண்டாட்டி பிள்ளையா இருக்கு? வெட்டிவிட்டா வேற மலைக்குப் போய்க்கும்."

"எங்கப்பன் பேர வெட்டுனவனும் அப்பிடித்தான் நெனச்சிருப்பான். வேற நாட்டுக்குப் போய்க்கும்னு."

"முப்பத்தொரு காம்பராவும் போயிரும். அது பரவாயில்லியா ஒனக்கு?"

அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பெட்டிக் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது.  இன்னொரு முறை தட்டோடு எங்கே போய் வரிசையில் நிற்பது. ஆனால் கூப்பிட்ட குரலுக்கு இரண்டு வருஷமாக வந்து நிற்கிற ஆளை எப்படி வெட்டுவது. இரண்டுமே அவளால் ஆகாது. அன்று முழுக்க அவள் நடந்த நடையில் லயத்துக்கும் களத்துக்கும் இடையே புல் தேய்ந்து புதுத் தடம் விழுந்தது.

மறுநாள் தரணிதரன் அவளை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டான். மேசை மேல் செக்ரோல் இருந்தது. இழுப்பறையிலிருந்து கருணாகரனின் பழைய சிவப்பு மைப்புட்டியையும் தேடி எடுத்து வைத்திருந்தான். பாதி மை மிச்சமிருந்தது. "நீங்களே போட்டுருங்க மருதாயக்கா. எனக்கு வேற வழி தெரியலீங்க" என்றான். "பெரட்டுக்கு வந்து நிக்கிற ஆளு பேர நான் வெட்ட மாட்டேன் தொர. என்னால ஏலாது" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள். தரணிதரன் கெட்டவன் அல்ல. அரை மணி நேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு கோணலாக ஒரு கோடு இழுத்தான்.

அடுத்த காலை வெயில் உள்ளே வரவில்லை. மழையும் வரவில்லை. அதற்கும் நோட்டில் பேர் இல்லையே என்பதை அவன் யோசித்திருக்கவில்லை. மூன்று ஏக்கரிலும் எந்தப் பருவமும் இல்லாமல் போனது. இருட்டில்லை, வெளிச்சமும் இல்லை. ஒன்றுக்கும் நிழல் விழவில்லை. ஈரத்துணி காயவில்லை, காய்ந்த துணி நமுக்கவும் இல்லை. இட்லி மாவு மூன்று நாளானாலும் பொங்காமல் அரைத்தது அரைத்தபடி கிடந்தது. பிள்ளைகளுக்குப் பசி எடுக்கவில்லை. தொட்டிகளில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார்கள், கதை சொன்னால்கூடத் திரும்பவில்லை. ஊற்றில் நூலும் அறுந்தது. தரணிதரன் ஒரே நாளில் முகத்தில் தாடிகூட வளராமல் கிழவனாகத் தெரிந்தான்.

மருதாயிக்குப் பெரட்டு எடுக்க மனமில்லை. நாலாம் நாள் காலை ஸ்வேதாதான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குப் பத்து வயது ஆகியிருந்தது. "மிஸ், வெயில் கேட்டுக்கு வெளிய நிக்குதுங்க" என்றாள். போய்ப் பார்த்தால் உண்மைதான். ரோட்டோரத்தில், அன்று இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் நின்ற அதே இடத்தில், ஒரு பாய் அகலத்துக்கு வெயில் நின்றுகொண்டிருந்தது. ஏழு மணிக்கு வந்து பத்து மணிக்குப் போனது. மறுநாளும் வந்தது. தார் இளகியது. கோத்தகிரி பஸ் டிரைவர் அந்த இடத்தில் வண்டியை மெதுவாக ஓட்டி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் குளிர் காய்ந்துகொண்டான். மற்றபடி யாரும் கவனிக்கவில்லை. மருதாயி கேட்டின் உள்பக்கம் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வெளியே ஆள் நிற்க மூடிக் கிடக்கும் கேட்டை இத்தனை வருஷமும் அவளுக்கு வெளிப்பக்கத்திலிருந்துதான் தெரியும். உள்ளேயிருந்து பார்த்தால் எப்படியிருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. அழுகை வந்தது, அழுதாள்.

ஒன்பது நாள் பார்த்தாள். பத்தாம் நாள் என்ன ஆகும் என்பதை அவளைவிட யாருக்குத் தெரியும். அன்று காலை ஆறரைக்கு அவளே சங்கை ஊதினாள். ஆபீஸ் அறையிலிருந்து செக்ரோலை எடுத்துக்கொண்டு நேராகப் போய் கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள். தரணிதரன் பின்னாலேயே ஓடி வந்தான். "மறுபடியும் பேர் போட்டா மறுபடியும் ஊத்து காயுமுங்க மருதாயக்கா" என்றான், மூச்சு வாங்க.

"ஊத்து காஞ்சது அது குத்தமில்ல தொர. ஒத்த ஆள வச்சு ரெண்டு வருசம் முழுத் தோட்டத்து வேலயும் வாங்குனோமே, அது நம்ம குத்தம். மாத்தாள் போட்டமா நாம?"

நின்றபடியே முழங்கையில் நோட்டை வைத்து எழுதினாள். நாற்பத்தொன்று, வெயில். நாற்பத்திரண்டு, மழை. கொஞ்சம் யோசித்துவிட்டு நாற்பத்து மூன்று, பனி. பனி செடியைக் கருக்குமே, அதை எதற்கு என்று அய்யாவு கேட்டான். "வேல தெரியாட்டியும் ஆளு ஆளுதானே. தையில நாலு நாள் டெம்பரரியா வந்துட்டுப் போகட்டும்" என்றாள். பிறகு களத்துக்குப் போய் அந்தத் தொண்டையைத் திறந்து கூப்பிட்டாள். வெயில் கேட்டைத் தாண்டி, காலில் ஒட்டிய தாரோடு, கொஞ்சம் தயங்கினாற்போல உள்ளே வந்தது. அதற்கு மதியம் ஒரு மணி வரை அரைப் பேர் என்று சொன்னாள். மழைக்கு ஒரு மணிக்கு மேல் மற்ற அரைப் பேர்.

இரண்டு வருஷம் வெளியே காத்திருந்த மழைக்கு அரைப் பேர் என்றால் என்னவென்று எங்கே தெரியும். ஒரு மணிக்கு உள்ளே வந்தது ஐந்து நாள் வெளியே போகவில்லை. களத்தில் இடுப்பளவு தண்ணீர். மாடியில் பிள்ளைகள் ஜன்னல் வழியே காகிதக் கப்பல் விட்டார்கள், கூச்சலிட்டார்கள், எக்கச்சக்கமாகச் சாப்பிட்டார்கள். ஊற்று உடைத்துக்கொண்டு வந்தது, மூடச் சொன்ன மாமன்மாருக்கும் பேச்சில்லாமல் போனது. ஆறாம் நாள் மருதாயி தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு களத்தின் நடுவில் நின்று, சொன்ன நேரத்துக்குமேல் செய்த வேலைக்கு இந்தத் தோட்டத்தில் பேர் கிடையாது என்று மழையை ஒரு பிடி பிடித்தாள். அன்று ஐந்து மணிக்கு நின்றது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அப்புறம் கல்மட்டத்தில் காலையில் வெயில், மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்துப் பிள்ளைகள் உள்ளே வந்ததும் மழை, அவர்கள் தூங்கி எழும்போது மழை போயிருக்கும். தை மாதத்தில் நாலு நாள் பனி வந்து, களத்துப் புல்லில் வெள்ளையாக உட்கார்ந்துவிட்டு, ஒன்றையும் கருக்காமல் போகும். பெற்றவர்கள் அட்டவணையில் அதையும் போட்டுத் தரச் சொன்னார்கள்.

சிவப்பு மைப்புட்டியைத் தரணிதரனே ஓடையில் வீசினான். ஆனாலும் மருதாயிக்கு நம்பிக்கை போதவில்லை. இன்றைக்கு இவன், நாளைக்கு இவன் மாமன். கையெழுத்துப் போடத் தெரிந்த யாரும் கோடு இழுத்துவிடலாம். பூட்டுள்ள பெட்டி லயத்தில் ஒன்றுதான் இருந்தது. இருபத்தெட்டு வருஷக் கயிற்றை அறுத்து, சேலைகளையும் வேட்டிகளையும் எடுத்துக் கொடியில் போட்டு, செக்ரோலை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியைத் தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டாள். அய்யாவு வழக்கமான கேள்வியைக் கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டான். கொடியில் தொங்கிய சேலைகளில் ஒன்றை மறுநாள் அவள் கட்டிக்கொண்டாள். மடிப்பு மடிப்பாக இற்றிருந்தது.

வருஷங்கள் போயின. இலை விலை கொஞ்சம் ஏறுவதும் மறுபடி சறுக்குவதுமாக இருந்தது. எஸ்டேட்டை விற்கும் பேச்சு ஆண்டுக்கு ஒரு முறை கோயமுத்தூரில் எழும்பி, ஆள் வந்து அளந்து பார்த்து, மதியம் ஒரு மணிக்கு நனைந்து, திரும்பிப் போகும். தரணிதரனுக்குக் கல்யாணம் ஆகி, அவன் மகளும் இலைத் தராசில் ஏறினாள். மருதாயிக்கு வெள்ளெழுத்து வந்து கண்ணாடி வாங்கினாள். உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் மட்டும் அவளுக்கு வரவில்லை. பூட்டிய பெட்டியின் மேல் தட்டை வைத்து, நின்று சாப்பிட்டாள்.

2008 ஏப்ரலில் ஸ்வேதா பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு, சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தாள். புதுச் செக்ரோலுக்குக் கோடு போட்டுக் கொடுத்தது அவள்தான். நாற்பது பிள்ளைகளையும் எழுதி, பக்கத்தைத் திருப்பி வெயிலையும் மழையையும் பனியையும் எழுதிவிட்டு, பழைய நோட்டுகளையெல்லாம் புரட்டிப் பார்த்தாள். "மிஸ், எதுலயுமே உங்க பேரைக் காணோமுங்களே" என்றாள்.

மருதாயி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கருணாகரன் கோடு இழுத்த நாளுக்கப்புறம் அவள் தன் பேரை எங்கும் எழுதியதில்லை. ரேஷன் கடையில்கூட அய்யாவுவைத்தான் கையெழுத்துப் போடச் சொல்வாள். எழுதாத பேரை யாரும் வெட்ட முடியாது. இந்த ஒன்பது வருஷமும் அந்தத் தைரியத்தில்தான் அவள் அங்கே இருந்தாள். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு "எழுது" என்றாள். ஸ்வேதா நாற்பத்து நான்காவது வரியில், குண்டு குண்டான எழுத்தில், மருதாயி என்று எழுதினாள். மை காயும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பெரட்டில் பிள்ளைகள் நாற்பதும் பதில் சொன்னார்கள். வெயில் ஆறே முக்காலுக்கே வந்து கம்பளி மேல் நின்றிருந்தது. மழை தன் முறைக்காகத் தேயிலைக்கு அப்பால் மேகமாகக் காத்திருந்தது. பனிக்கு அது மாதம் இல்லை. அப்புறம் அவள் "மருதாயி" என்று நாலு காடு தாண்டிக் கேட்கும்படி கூப்பிட்டாள். நோட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, தானே "இருக்கேன்" என்றாள். காலையில் கண்ணாடியைத் தேடியதில் அவள் களத்துக்கு வந்து சேரப் பத்து நிமிடம் பிந்தியிருந்தது. ஆகவே அரைப் பேர்தான் போட்டுக்கொண்டாள்.